டிரைவ் த்ரூ காபிக் கடை: மனை தேர்வு முதல் வண்டிப் பாதை வரை

டிரைவ் த்ரூ காபிக் கடை, அதாவது காரைவிட்டு இறங்காமலே ஜன்னலில் காபி வாங்கிப் போகும் கடை வைக்க நினைப்பவர்கள் முதலில் பேசுவது காபித்தூளைப் பற்றி. அப்புறம் பெயர், போர்டு, பெயின்ட் கலர். வண்டி எந்தப் பக்கமாக வரும், எங்கே நிற்கும், எப்படி வெளியே போகும் என்ற பேச்சு அஸ்திவாரம் தோண்டிய பிறகுதான் வருகிறது. அப்போது மாற்றுவதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. பாதையை முதலில் வரைய வேண்டும். பாதை போக எவ்வளவு இடம் மீதி என்று பார்த்து அதற்குள் கடையைக் கட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் பிற்பாடு எவ்வளவு செலவழித்தாலும் சரிவராது.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் நான்குவழிச் சாலையோரத்திலோ ஊரின் எல்லையிலோ பில்டர் காபி விற்கும் கடையை மனதில் வைத்து.

படி 1: யார் வரப்போகிறார்கள்?

இரண்டு வகை ஆட்கள் உண்டு. தினமும் அதே சாலையில் வேலைக்குப் போகிறவர் காரைவிட்டு இறங்கமாட்டார். அவருக்கு ஒரு காபி, இரண்டு நிமிடம், அவ்வளவுதான். விடிகாலை சென்னையில் கிளம்பி திருச்சிக்கோ மதுரைக்கோ குடும்பத்தோடு போகிறவர் வேறு ரகம். குழந்தைக்குக் கழிப்பறை வேண்டும், தாத்தாவுக்குக் கால் நீட்ட வேண்டும், டபரா டம்ளரில் நின்று ஆற அமரக் குடிக்க வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் வரிசையாக இருக்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ கடைகள் இவரை நம்பித்தான் ஓடுகின்றன. அந்தக் கூட்டத்தைக் காருக்குள்ளேயே உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

ஆகவே டிரைவ் த்ரூ மட்டுமே என்றால் ஊர் எல்லை, ஐ.டி. பூங்கா அல்லது தொழிற்பேட்டை போகும் வழி பொருத்தம். நெடுஞ்சாலை என்றால் டிரைவ் த்ரூவோடு பார்க்கிங்கும் கழிப்பறையும் சேர்த்தே திட்டமிடுங்கள். இரண்டும் ஒரே மனையில் இருக்கலாம், ஆனால் இரண்டுக்கும் தனித்தனி வழி வேண்டும்.

படி 2: சாலையின் எந்தப் பக்கம்?

நடுவே தடுப்புச் சுவர் உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் போகும் வண்டிகள் உங்களுக்கு இல்லை. இருபுறமும் சேர்த்து எண்ணி மகிழ்ந்து போகிறவர்கள் நிறையப் பேர். காபி காலைச் சரக்கு. காலை 6 முதல் 10 வரை எந்தப் பக்கம் கார் அதிகம் போகிறதோ அந்தப் பக்கத்து மனைக்குத்தான் விலை பேச வேண்டும். ஊருக்குள் வேலைக்குப் போகிறவர்களை நம்பினால் ஊருக்குள் நுழையும் பக்கம். வெளியூர்ப் பயணிகளை நம்பினால் ஊரைவிட்டு வெளியேறும் பக்கம்.

ஒரு நாற்காலியும் நோட்டும் எடுத்துக்கொண்டு மனைக்கு எதிரே உட்கார்ந்து எண்ணுங்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்று, சனிக்கிழமை ஒன்று, பண்டிகைக்கு முந்தைய நாள் ஒன்று. கார், வேன், பைக் என்று தனித்தனியாக. லாரியை எண்ண வேண்டாம், அது உங்கள் பாதைக்குள் வராது.

அடுத்தது கண்ணுக்குத் தெரிவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். போர்டைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் “காபி குடிக்கலாமா?” என்று கேட்டு, இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைக்க 12 நொடியாவது ஆகும் என்று வையுங்கள். 260 மீட்டர் தூரத்திலேயே போர்டு தெரிந்தாக வேண்டும். வளைவு முடிந்த உடனே உள்ள மனை, மேம்பாலம் இறங்கும் இடத்து மனை, வரிசையாகப் புளியமரம் மறைக்கும் மனை இவையெல்லாம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு.

சர்வீஸ் ரோடு இருந்தால் கூடுதலாக ஒன்று பாருங்கள். பிரதான சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்குள் நுழையும் திறப்பு உங்கள் மனைக்கு முன்னால் இருக்க வேண்டும். திறப்பைத் தாண்டிய பிறகுதான் கடை கண்ணில் படுகிறது என்றால் நல்லவர்கள் போய்விடுவார்கள், துணிந்தவர்கள் எதிர்த்திசையில் ஓட்டி வருவார்கள். இரண்டாவது இன்னும் ஆபத்து.

படி 3: காகிதம்

தேசிய நெடுஞ்சாலையிலிருந்து உங்கள் மனைக்குள் வண்டி திரும்ப வழி அமைப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகள் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2002 இதைச் சொல்கிறது. மாநில நெடுஞ்சாலை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. கட்டடத்துக்கு 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நிலம் எந்த உபயோகத்துக்கு வகைப்படுத்தப்பட்டிருக்கிறது, சாலையின் மையக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நன்செய் நிலம் என்றால் இன்னும் ஒரு படி கவனம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இல்லாமல் முதல் டம்ளர்கூட விற்க முடியாது.

குத்தகை மனை என்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: சாலையிலிருந்து நுழைய அனுமதி கிடைத்த தேதியிலிருந்துதான் வாடகை ஓடும். மனைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, கேட்டுவிடுங்கள்.

படி 4: எத்தனை கார் நிற்க இடம் வேண்டும்?

இதுதான் மொத்தத் திட்டத்தின் முதுகெலும்பு. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு மாருதி ஸ்விஃப்ட் நீளம் 13 அடிக்குள். இன்னோவா கிரிஸ்டா பதினைந்தரை அடி. முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்து ஒரு காருக்கு 20 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கார் என்றால் 200 அடி வரிசை.

சரி, பத்து வேண்டுமா, ஐந்து போதுமா? கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக ஏர்லாங் என்ற பொறியாளர் 1909-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த வரிசைக் கணக்கு இங்கே அப்படியே உதவும். உங்கள் ஜன்னலில் ஒரு காருக்குச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது, அதாவது மணிக்கு 60 கார் முடியும் என்று வைப்போம். கார்கள் ஒழுங்கான இடைவெளியில் வராது. மூன்று சேர்ந்து வரும், அப்புறம் ஐந்து நிமிடம் ஈ ஓட்டுவீர்கள். அந்த ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால், மணிக்கு 30 கார் வரும்போது சராசரியாக ஒரு கார்தான் பாதையில் இருக்கும். 40 வந்தால் இரண்டு. 48 வந்தால் நான்கு. 54 வந்தால் ஒன்பது!

30-லிருந்து 40 ஆனபோது ஒன்றுதான் கூடியது. 48-லிருந்து 54 ஆனபோது ஐந்து கூடிவிட்டது. கடை நன்றாக ஓட ஆரம்பித்த வாரத்தில் வரிசை திடீரென்று சாலைவரை நீள்வது இதனால்தான். இவையும் சராசரிதான். எட்டு கார் நிற்க இடம் விட்டால், மணிக்கு 40 கார் வரும் நேரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு நேரத்துக்கும் குறைவாகவே வரிசை வெளியே வழியும். 48 ஆனால் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு நேரம் சாலையில் வால் நிற்கும். நெடுஞ்சாலையில் அந்த வால் விபத்துக்கு அழைப்பு.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். பரபரப்பான நேரத்தில் வரும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் வண்டிகள் ஜன்னலின் திறனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. அதோடு, எட்டு காருக்கு, அதாவது 160 அடிக்கு, மனைக்குள்ளேயே பாதை இருக்க வேண்டும். அது அமையாத மனையை விட்டுவிடுங்கள். மிக அழகான கார்னர் மனையாக இருந்தாலும்.

படி 5: டிரைவரின் வலது கை

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவுடையவை. ஸ்டார்பக்ஸ் தன் முதல் டிரைவ் த்ரூவை 1994-இல் வாஷிங்டன் மாநிலத்தில் திறந்தது; அங்கே டிரைவர் இடப்பக்கம். அந்தப் படங்களில் வண்டிகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கடையைச் சுற்றும். நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே கடை எப்போதும் காரின் வலப்பக்கம் இருக்க வேண்டும், வண்டி கடிகாரம் சுற்றும் திசையில் கடையைச் சுற்ற வேண்டும். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்.

நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது வேறு. மனையின் பின்பக்கம் கடை, முன்பக்கம் சாலையோரமாகப் பாதை. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அந்தப் பாதையில் வரும் காருக்குக் கடை இடப்பக்கம் விழும். டிரைவர் பக்கத்து சீட்டைத் தாண்டிக் கை நீட்ட வேண்டும். கொதிக்கும் காபி யார் மடியில் விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரியான அமைப்பு இது. சாலையில் நின்று மனையைப் பார்த்தால் இடது ஓரத்தில் நுழைவாயில், வலது ஓரத்தில் வெளியேறும் வாயில். வண்டி இடது ஓரமாக உள்ளே போய், பின்பக்கம் வலப்புறம் திரும்பி, மறுபடி வலப்புறம் திரும்பி, வலது ஓரமாகச் சாலைக்கு வரும். அந்தக் கடைசி நீட்டத்தில்தான் ஜன்னல். உள்ளே வருவதும் இடது திருப்பம், வெளியே போவதும் இடது திருப்பம். யாரும் யாரையும் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை.

வாஸ்து பார்ப்பவர் ஜன்னலை வேறு மூலைக்கு நகர்த்தச் சொல்லலாம். கல்லாப்பெட்டியை அவர் சொல்லும் இடத்தில் வைத்துவிட்டு ஜன்னலை விட்டுவிடுங்கள். ஸ்டியரிங் எந்த மூலைக்கும் நகராது.

படி 6: நான்கு கிரவுண்டில் வரைந்து பார்ப்போம்

முகப்பு 80 அடி, ஆழம் 120 அடி. மொத்தம் 9,600 சதுர அடி, நான்கு கிரவுண்டு, ஏறக்குறைய 22 சென்ட்.

இரு ஓரத்திலும் பின்னாலும் 3 அடி செடி வரிசை. அதற்கு உள்ளே 10 அடியில் ஒரு விலகல் பாதை. அதற்கும் உள்ளே 10 அடியில் வரிசைப் பாதை. விலகல் பாதை எதற்கு? பர்ஸை மறந்தவர், மனம் மாறியவர், முன்னால் வண்டி நின்றுபோய் மாட்டிக்கொண்டவர் வெளியே போக. நிலத்தின் விலையைப் பார்த்து இதை வெட்டத் தோன்றும். முழுச் சுற்றுக்கும் முடியாவிட்டால் ஆர்டர் கொடுக்கும் இடத்திலிருந்து வெளியேறும் வரையாவது விடுங்கள்.

இரு ஓரத்திலும் 23 அடி போனால் நடுவே 34 அடி அகலத்தில் ஒரு தீவு மிஞ்சும். பின்பக்கத் திருப்பங்கள் இரண்டுக்கும் உள்வட்ட ஆரம் 15 அடி வேண்டும். 34 அடியில் இரண்டும் அடங்கும். திருப்பத்தில் மட்டும் பாதை 12 அடிக்கு விரியட்டும். இன்னோவாவின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிப் போகும், கரைக்கல்லில் ஏறும்.

ஜன்னலைச் சாலை எல்லையிலிருந்து 50 அடி உள்ளே வைத்தால், நுழைவிலிருந்து ஜன்னல் வரை, தீவின் ஓரமாக வளைவுகளையும் சேர்த்து அளந்தால், ஏறக்குறைய 165 அடி கிடைக்கும். எட்டு கார். ஜன்னலைத் தாண்டிச் சாலைக்கு முன் இன்னும் இரண்டு கார் நிற்கலாம். அந்த இடம் அவசியம், ஏனென்றால் சாலையில் சேர இடைவெளி பார்த்துக் காத்திருக்கும் கார் ஜன்னலை அடைத்துவிடக் கூடாது.

தீவின் வலது விளிம்பை ஒட்டி 12 அடிக்கு 30 அடியில் கடை. மிச்சத் தீவு பைக்குக்கும் நின்று குடிப்பவர்களுக்கும். இது ஒரு மாதிரிதான். சாலைத் துறை எவ்வளவு தள்ளிக் கட்டச் சொல்கிறதோ அதைப் பொறுத்து எல்லாமே உள்ளே நகரும், அப்போது ஆழம் இன்னும் தேவைப்படும்.

படி 7: ஜன்னல்

மூன்று விஷயங்கள்: உயரம், நெருக்கம், திசை.

நம் ஊரில் தரைமட்டத்திலிருந்து இரண்டு அடி பேஸ்மென்ட் எழுப்பித்தான் கட்டுவார்கள். அதன்மேல் மூன்று அடியில் மேடை போட்டால், பாதையிலிருந்து ஐந்து அடி உயரத்தில் காபி நீளும். ஸ்விஃப்ட் ஓட்டுபவரின் தலைக்கு மேலே! ஜன்னல் திட்டு பாதையிலிருந்து மூன்று முதல் மூன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அதற்காகக் கடையின் தரை பாதையைவிட அரை அடிதான் உயரலாம். வெள்ளம் உள்ளே வந்துவிடுமே என்றால், கடையைத் தாழ்த்தாமல் பாதை, தீவு இரண்டையும் சேர்த்துச் சாலையைவிட உயர்த்தி மண் கொட்டுங்கள்.

நெருக்கம் என்பது கார் கதவுக்கும் திட்டுக்கும் உள்ள தூரம். ஒரு அடிக்குள் இருந்தால் நல்லது. திருப்பம் முடிந்த உடனே ஜன்னல் வந்தால் டிரைவர் சுவரைக் கண்டு பயந்து தள்ளியே நிறுத்துவார். 30 அடியாவது நேர்ப்பாதை இருந்தால் கார் இணையாக வந்து நிற்கும். சுவரோரம் தாழ்வான கரைக்கல் போட்டால் சக்கரம் அதை ஒட்டி வரும். ஜன்னலுக்கு முன் மூலையில் சிமென்ட் நிரப்பிய இரும்புக் குழாய் ஒன்று நடுங்கள், சுவர் பிழைக்கும்.

திசையை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, சாலைதான் தேர்ந்தெடுக்கிறது. சென்னையிலிருந்து தெற்கே போகும் பக்கத்து மனை என்றால் ஜன்னல் ஏறக்குறைய தெற்குப் பார்க்கும். வடகிழக்குப் பருவமழைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும், நல்ல இடம். பெங்களூரு சாலையில் மேற்கே போகும் பக்கம் என்றால் ஜன்னல் மேற்குப் பார்க்கும். மாலை நான்கு மணிக்கு உள்ளே நிற்கும் பையன் வெந்துபோவான். அங்கே கூரையை அகலமாக நீட்டி, பக்கவாட்டில் ஒரு மறைப்பும் போடுங்கள். கூரையின் அடிப்பகுதி பத்து அடி உயரமாவது இருக்கட்டும். நுழைவாயிலில் அதைவிடத் தாழ்வாக ஒரு உயரத் தடுப்பு வைத்தால், மேலே கேரியர் கட்டிய வேன் அங்கேயே நின்றுவிடும்.

படி 8: ஆர்டர் எங்கே, பணம் எங்கே?

ஆர்டர் வாங்கும் இடம், கார் ஜன்னலுக்கு வருவதற்கு மூன்று, நான்கு கார் முன்னால், அதாவது 60 முதல் 80 அடிக்குள். ஒரு காருக்கு ஒரு நிமிடம் என்றால் காபி தயாராக மூன்று நிமிடம் கிடைக்கிறது. ஆர்டரை ஜன்னலிலேயே வாங்கினால் அந்த மூன்று நிமிடமும் ஜன்னலில் போய்விடும்.

ஸ்பீக்கர் பெட்டி வைக்கும் செலவை நான் செய்யமாட்டேன். ஹாரன் சத்தம், ஏ.சி. சத்தம், பின்சீட்டிலிருந்து “எனக்குச் சர்க்கரை வேண்டாம்” என்ற குரல் எல்லாம் கலந்து வரும். டேப்லெட்டோடு ஒரு ஆள் காருக்குக் கார் நடந்து கேட்பது வேகம். அவர் நிற்க மூன்றடி நடைமேடையும் நிழலும் காரின் வலப்பக்கம், தீவின் ஓரமாகக் கொடுங்கள். பணத்தையும் அங்கேயே முடிக்கலாம். கியூஆர் அட்டையைக் காட்டி யூபிஐ, சவுண்ட்பாக்ஸ் சத்தம் அவர் இடுப்பில். ஜன்னலில் கொடுப்பது மட்டும்தான் வேலை என்றால், ஒரு காருக்கு ஆகும் ஒரு நிமிடம் நாற்பது நொடியாகக் குறையும். மேலே போட்ட வரிசைக் கணக்கை அந்த எண்ணில் போட்டுப் பாருங்கள், அதே மனை இன்னொரு மனையாகத் தெரியும்.

படி 9: பைக்

அமெரிக்க வழிகாட்டிகளில் இந்த அத்தியாயமே இருக்காது. இங்கே பைக்குக்கு இடம் தராவிட்டால் அது காருக்கும் ஜன்னலுக்கும் நடுவே நுழைந்து நிற்கும். சாலையைப் பார்த்த சுவரில் தனி ஜன்னல் வைத்து, அதன் எதிரே பத்துப் பைக் நிற்க இடமும் இடுப்புயர மேடையும் போடுங்கள். பைக் வழி நுழைவாயிலிலேயே காரிலிருந்து பிரிய வேண்டும். நடந்து வருகிறவர்கள் வண்டிப் பாதையைக் கடக்க வேண்டியிருந்தால் ஒரே ஒரு இடத்தில், வேகத்தடையோடு.

படி 10: கடையின் உள்ளே

பில்டர் காபிக்கு ஒரு வசதி உண்டு. டிகாக்‌ஷன் முன்பே இறங்கியிருக்கும்; சூடான பால் கலந்தால் முடிந்தது. எஸ்பிரஸோ மெஷின் மாதிரி ஒவ்வொரு கப்புக்கும் காத்திருக்க வேண்டாம். ஆகவே தடை பாலில்தான் வரும். பால் பிரிட்ஜ், பாய்லர், டிகாக்‌ஷன், கலக்கும் மேடை, ஜன்னல் என்று பின்னாலிருந்து முன்னால் ஒரே வரிசையில் வையுங்கள். மாஸ்டர் திரும்பினால் எல்லாம் கைக்கு எட்ட வேண்டும், நடக்கக் கூடாது.

கப் விஷயம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் உண்டு. விற்பவர் “இது ஓடும் சார்” என்பார். எழுத்தில் சான்று கேளுங்கள், மாற்றுக் கப்பின் உயரத்தை முடிவு செய்த பிறகே அலமாரியும் மூடி வைக்கும் இடமும் செய்யுங்கள். பிளாஸ்க் நீட்டுபவர்களுக்காக மேடையில் ஒரு இடம் தாழ்வாக இருக்கட்டும். குடும்பமாகப் போகிறவர்கள் நிறையப் பேர் அதைத்தான் கேட்பார்கள்.

வணிக கேஸ் சிலிண்டர்கள் வெளியே, காற்றோட்டமான கம்பிக் கூண்டில், எந்த வண்டியும் இடிக்க முடியாத பக்கம். ஜெனரேட்டர் ஆர்டர் வாங்கும் இடத்துக்கு எதிர் மூலையில். பால் வண்டி வரிசைப் பாதையில் நின்று இறக்கக் கூடாது. விலகல் பாதையில், கடை திறக்கும் முன்.

படி 11: தரை

நின்று நின்று நகரும் இடத்தில் தார் பள்ளம் விழும். ஜன்னல் எதிரே கான்கிரீட் போடுங்கள். மற்ற இடத்தில் பேவர் பிளாக் போட்டால் நடைபாதைக்கான 60 மில்லிமீட்டர் கல் வேண்டாம், 80 மில்லிமீட்டர் கேளுங்கள். தண்ணீர் வடிய 50 அடிக்கு ஒரு அடி சரிவு, கடையிலிருந்து வெளிப்பக்கமாக. வரிசையின் போக்கில் மேடும் பள்ளமும் இருந்தால் ஒவ்வொருவரும் ஹேண்ட்பிரேக் போட்டு எடுத்து வர வேண்டியிருக்கும். செப்டிக் டேங்கைப் பாதைக்கு அடியில் வைக்காதீர்கள்.

படி 12: சுண்ணாம்புக் கோடு

வரைபடம் தயாரானதும் மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள், அஸ்திவாரத்துக்கு முன்பே. கடை இருக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஜன்னல் இருக்கும் இடத்தில் ஒரு மேசையைச் சரியான உயரத்தில் வையுங்கள். ஸ்விஃப்ட் ஒன்று, இன்னோவா ஒன்று, ஸ்கார்பியோ ஒன்று கொண்டு வந்து ஓட்டுங்கள். நன்றாக ஓட்டுபவரை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். போன மாதம் லைசென்ஸ் எடுத்தவரை உட்காரவையுங்கள். அவர் சக்கரம் எங்கே கோட்டைத் தாண்டுகிறதோ அங்கே பாதையை அகலப்படுத்துங்கள். மேசையிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீரை மூன்று வண்டிக்கும் நீட்டிப் பாருங்கள். இருட்டிய பிறகு இன்னொரு முறை ஓட்டுங்கள். வளைவில் திரும்பும் காரின் முகப்பு விளக்கு சாலையில் வருபவரின் கண்ணில் அடித்தால் அந்த ஓரத்தில் செடியை உயரமாக வளர்க்க வேண்டும்.

அந்தக் கோட்டில் இன்னும் ஒன்று அளந்துகொள்ளுங்கள். ஏழு காபி, நான்கு போண்டா என்று பெரிய ஆர்டர் கொடுத்த கார் ஜன்னலில் நின்றால் பின்னால் எல்லாரும் நிற்பார்கள். ஜன்னலைத் தாண்டி, வெளியேறும் வழியை மறைக்காமல், வலப்பக்கமாகத் தீவின் முன்மூலையில் இரண்டு கார் ஒதுங்க இடம் குறியுங்கள். அந்தக் காரை அங்கே அனுப்பிவிட்டுப் பையன் எடுத்துப் போய்க் கொடுக்கட்டும்.